வார்ப்பிரும்பு ஆப்பச்சட்டி: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஒட்டாப் பூச்சுள்ள சட்டியின் நடுப்பகுதி உரிந்து, மாவு பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் வார்ப்பிரும்பு ஆப்பச்சட்டி ஒன்றை வாங்கினேன். 9 அங்குல விட்டம், இருபுறமும் சிறு காதுகள், ஒரு கண்ணாடி மூடி, மூடியில்லாமலேயே ஏறக்குறைய 2 கிலோ எடை. வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆப்பம் சுடும் வீட்டில் மூன்று மாதங்கள் புழங்கிய பின்னரே இதை எழுதுகிறேன். முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இது வெறும் வசையாக முடிந்திருக்கும்.

எண்ணெய் ஏற்றிப் பழக்கப்பட்டது, வாங்கியவுடன் பயன்படுத்தலாம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பி ஊற்றிய முதல் நான்கு ஆப்பங்களும் கரண்டியால் சுரண்டித்தான் வெளியே வந்தன. பிறகு வடித்த கஞ்சியை ஊற்றி ஓர் இரவு வைத்திருந்து, கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, நல்லெண்ணெயைத் துணியால் மெல்லியதாகப் பூசி, இலேசாகப் புகை எழும் வரை சூடாக்கி ஆறவிட்டேன். எண்ணெய் பூசிச் சூடாக்குவதை மூன்று நாட்கள் திரும்பத் திரும்பச் செய்த பின் சட்டி வழிக்கு வந்தது. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய மெல்லிய படலமாக மாறுவதுதான் பழக்குதல் என்பதால், தாராளமாக ஊற்றினால் வேலை விரைவாக முடியும் என்று நினைப்பது தவறு. தடித்துப் பூசிய எண்ணெய் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

இந்தச் சட்டி மாவின் குறையை மறைக்காது என்பதைப் பழகப் பழகத்தான் புரிந்துகொண்டேன். பழைய சட்டியில் அரைகுறையாகப் புளித்த மாவும் முழுதாகக் கழன்று வந்து ஆப்பம் போலத் தோற்றம் காட்டும். இதில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. நான் பச்சரிசி இரண்டு பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்து கால் பங்கு, ஒரு சிட்டிகைக்குச் சற்றுக் கூடுதலாக வெந்தயம் ஆகியவற்றை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடிச் சோறும் தேங்காய்த் துருவலும் சேர்த்து நைசாக அரைக்கிறேன். அரைத்த மாவில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பின் மீண்டும் மாவோடு கலந்தால், சட்டியின் சுவரில் பற்றி நிற்கும் இழுவை மாவுக்குக் கிடைக்கிறது. வெதுவெதுப்பான காலத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் இதே மாவு குளிரில் பன்னிரண்டு மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். மாவிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயுதான் ஆப்பத்தின் கண்களாகிறது; அவற்றுக்கு வேண்டிய சூடு இல்லாவிட்டால் எந்தச் சட்டியாலும் உதவ முடியாது. கள் சேர்த்துப் புளிக்கவைக்கும் முறையில் ஈஸ்டும் இந்த வேலையைச் செய்கிறது.

அவசரத்துக்கு ஆப்ப சோடா போட்டுப் பார்த்த நாளில், ஓரங்கள் பொன்னிறத்தைத் தாண்டிச் செம்பழுப்பாகிவிட்டன. சோடாவின் காரத்தன்மை மாவு சிவப்பதை விரைவுபடுத்தும். வார்ப்பிரும்போ ஏறிய சூட்டை எளிதில் விடாது. சர்க்கரை கூடினாலும் இதே கதைதான், அத்தோடு ஒட்டவும் செய்யும். எனவே சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றும் நேரத்தில் மட்டும் கலக்கிறேன்.

சுடும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மிதமான தீயில் ஐந்து நிமிடங்கள் பொறுமையாகச் சூடேற்றி, தண்ணீர் தெளித்துப் பார்த்து, உடனே ஆவியாகும் நிலையில் தீயைத் தணித்து ஊற்ற வேண்டும். சூடு மிகுந்தால் சுழற்றுவதற்குள் மாவு நடுவிலேயே இறுகிவிடும். குறைந்தால் சுவரிலிருந்து வழிந்து மீண்டும் குழியில் சேர்ந்துவிடும். எண்ணெய் அதிகமானாலும் மாவு சுவரில் பற்றாமல் வழுக்கும் என்பதால், இரண்டு மூன்று ஆப்பங்களுக்கு ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைப்பதே போதும். பக்குவம் அமைந்துவிட்டால் கிடைக்கும் ஓரம், சல்லடைக் கண்களோடு காகிதம் போல் மெலிந்து, தட்டில் வைத்த பிறகும் சில நிமிடங்கள் முறுகலாகவே இருக்கிறது. பழைய சட்டியில் ஒருநாளும் எனக்கு அது கிடைக்கவில்லை. நடுப்பகுதியும் வேகாத மாவு வாசனை இல்லாமல் பஞ்சாக வருகிறது.

குறைகளில் முதன்மையானது எடை. இரண்டு காதுகளையும் துணியால் பிடித்துத் தூக்கிச் சுழற்ற மணிக்கட்டு பலம் வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழிந்த அடிப்பகுதி காரணமாக இண்டக்‌ஷன் அடுப்பில் நடுவில் மட்டுமே சூடேறுகிறது, ஆகவே எரிவாயு அடுப்பு இல்லாதவர்கள் வாங்குவதில் பயனில்லை. மீந்த மாவை இதிலேயே விட்டுவைத்தால் புளிப்பு எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடும். கழுவியதும் அடுப்பில் காயவைக்காவிட்டால் மறுநாளே துரு தலைகாட்டும். உடன் வந்த கண்ணாடி மூடி தட்டையாக இருப்பதால் ஆவி துளிகளாகக் கோத்து ஆப்பத்தின் நடுவில் சொட்டுகிறது. அதை எடுத்து வைத்துவிட்டு, பழைய சட்டியின் குவிந்த எவர்சில்வர் மூடியைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். அளவு சற்றுச் சிறியதென்றாலும் நடுப்பகுதியை மூட அது போதுமானதாக இருக்கிறது.