பூட்டுப்பிடிகளோடு 11 ஆண்டுகள்: தோழியின் கேள்விக்கு என் பதில்

மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்றும், இரண்டு நாள் தற்காப்பு முகாம் ஒன்றில் கையைப் பிடிப்பவனின் மணிக்கட்டை முறுக்கி விழவைக்கக் கற்றுத் தருகிறார்கள் என்றும், அவளைச் சேர்த்துவிடலாமா என்றும் கல்லூரித் தோழி சென்ற வாரம் கேட்டாள். ஜப்பானியத் தற்காப்புக் கலைகளான ஐகிடோவை ஆறு ஆண்டுகளும் ஜூடோவை ஐந்து ஆண்டுகளும் பழகியவள் நான். ஆனாலும் உடனே பதில் சொல்ல வரவில்லை; அந்த மணிக்கட்டுப் பிடியின் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு.

ஐகிடோவில் அதற்குக் கோட்டே காயெஷி என்று பெயர். எதிராளியின் புறங்கையில் கட்டைவிரலை ஊன்றி, கையை மடக்கி வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வகுப்பில் 80 கிலோ ஆளும் புரண்டு விழுவார். மணிக்கட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் தாமாக விழுகிறார் என்பதும், எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதும் எனக்கு உறைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. உறைக்க வைத்தவன் என் தம்பி. எந்தக் கலையும் பழகாதவன். லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்து உரமேறிய கை. ஒரு மே மாத மதியம் கூடத்தில் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, “திருப்புக்கா, பார்ப்போம்” என்றான். நான் திருப்பத் தொடங்கியதும் விரல்களை இறுக மூடி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டான். வியர்வையில் என் விரல்கள் அவன் புறங்கையில் வழுக்கின. என் இரண்டு கைகளும் அவனுடைய ஒரு கையோடு போராடிக்கொண்டிருக்க, சும்மா இருந்த இடக்கையால் என் கன்னத்தை மெல்லத் தட்டினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்காக, மூட்டை மடக்கி அசையவிடாமல் பிடிக்கும் பூட்டுகளே வீண் என்று சொன்னால் அது அநியாயம். ஜூடோப் போட்டிகளில் முழங்கையை மட்டுமே பூட்டலாம் என்பது விதி. அதில் ஜூஜி கதாமே என்னும் பிடியை நான் முதன்முறை சரியாகப் போட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. எதிராளியின் கையை என் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, கால்களால் அவர் மார்பையும் தலையையும் அழுத்தி, மணிக்கட்டை என் நெஞ்சோடு அணைத்து, அவருடைய கட்டைவிரல் மேலே பார்க்க இடுப்பை உயர்த்தினேன். நான் 54 கிலோ. அவர் 85 கிலோ, விட்டுக்கொடுக்காமல் முழுமூச்சாகத் திமிறியவர். என் உடம்பின் மொத்த பலமும் அவருடைய ஒரே ஒரு மூட்டின் மேல் இறங்கியதும், தோற்றேன், விடு என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்டிவிட்டார். அந்த மகிழ்ச்சிக்கு நான் எந்த பெல்ட்டையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பூட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. நம் வெறுங்கைச் சண்டைக் கலையான குத்துவரிசையில் வழங்கும் ‘பூட்டு’ என்ற சொல்லே பொருத்தமானது. கதவைச் சாத்தாமல் பூட்ட முடியாது. 1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசியின் கையைத் தோளுக்குப் பின்னால் மடக்கிப் பூட்டியது இரண்டாம் சுற்றில்தான். அதற்குள் அவரைப் பலமுறை தூக்கி எறிந்து, தரையில் அமுக்கியிருந்தார். கை முறிந்த பிறகும் கிரேசி தட்டவில்லை. அவர் தரப்பினர்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். எலும்பு முறிந்த வலியிலும் பணியாத மனிதர் உண்டு என்றால், முகாமில் சொல்லும் ‘வலி தாங்காமல் விட்டுவிடுவான்’ என்ற உறுதிமொழியை நம்பி ஒரு பெண்ணை எப்படித் தெருவில் இறக்குவது?

தெருவில் தட்டினால் விடுவது என்ற ஏற்பாடும் கிடையாது. பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அல்லது முறிக்க வேண்டும். எலும்பு முறிவும் மூட்டு விலகலும் நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். தற்காப்புரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கை அது காப்பதில்லை. முறிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாலோ, அவன் கூட்டாளி வந்து சேரும்வரை நம் இரண்டு கைகளும் அங்கேயே சிக்கியிருக்கும். தப்பி ஓட வேண்டியவள் ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

பயிற்சியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஏழு மாதங்களுக்கு முன் புதிதாக வந்த ஒருவர், நான் தட்டுவதற்குள் வெடுக்கென்று இழுத்ததில் என் வலது முழங்கைத் தசைநார் கிழிந்தது. மூன்று மாதம் தோசைக் கரண்டியைக்கூட இடக்கையால்தான் பிடித்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தோழிக்கு, முகாமில் சேர்க்காதே என்று எழுதிவிட்டேன். பிடித்தவனின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியாகக் கையை உருவுவதையும், உரக்கக் கத்துவதையும், ஓடுவதையும் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குச் சொல்லித் தருகிறேன். பிடித்திருந்தால் ஓராண்டாவது ஜூடோ பழகட்டும். இத்தனை ஆண்டுகளில் எந்தப் பூட்டும் எனக்குத் தெருவில் ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. அடுத்த மூன்று மாதக் கட்டணத்தை நேற்றுக் கட்டிவிட்டேன்; முழங்கைக்குப் பட்டை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை மாலை மீண்டும் போகிறேன்.