சதுப்பு டாக் களைக்கு நான்கு நகக் கருவி: ஒரு மதிப்பீடு

மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டுப் புல்தரையிலும் வேலியோரத்திலும் மண்டிவரும் டாக் (dock) என்னும் களைச்செடிகளை அகற்ற, குனியாமல் நின்றபடியே களை பிடுங்கும் நான்கு நகக் கருவியைக் கடந்த குளிர்காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் தோட்டத்தில் இருப்பது எந்த டாக் என்று பார்த்துக்கொள்வது நல்லது. நம் சுக்கான்கீரையின் இனத்தைச் சேர்ந்த இச்செடிகளில், இங்கே அதிகம் தொல்லை தரும் சுருள் இலை டாக்கும் அகன்ற இலை டாக்கும் வெளியிலிருந்து வந்தவை. ரூமெக்ஸ் பிரௌனி எனப்படும் சதுப்பு டாக்கோ ஆஸ்திரேலியாவில் இயற்கையாகவே வளரும் செடி. பெயரில் சதுப்பு இருந்தாலும், புல்வெளி, சாலையோரம், மேய்ச்சல் நிலம் என எங்கும் அது வளர்கிறது.

இலையை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. இளஞ்செடிகள் எல்லாமே தரையோடு படர்ந்த இலைக்கொத்தாகத்தான் இருக்கும். பூந்தண்டு எழுந்த பிறகு வேறுபாடு தெளிவாகிறது: சதுப்பு டாக்கின் தண்டு மெல்லியது, பூங்கொத்துகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அமைந்திருக்கும். ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் காய்தான். முற்றிய காய் ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தால், விதையை மூடியுள்ள மூன்று மடல்களின் ஓரங்களிலும் பற்கள் நீண்டிருப்பதும், ஒவ்வொரு பல்லின் முனையும் கொக்கியாக வளைந்திருப்பதும் தெரியும். அகன்ற இலை டாக்கின் பற்கள் நேரானவை. சுருள் இலை டாக்கின் மடல் ஓரத்தில் பற்களே இல்லை, மாறாக மடலின் மீது மணி போன்ற புடைப்பு இருக்கும். சதுப்பு டாக்கில் அந்தப் புடைப்பு இல்லை. காலுறையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும் இந்தக் கொக்கிகளின் உதவியால், ஆட்டு ரோமத்தோடு இச்செடி பிரிட்டன் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி கருவிக்கு வருவோம். நகங்களைச் செடியின் நடுவில் வைத்து, மிதியைக் காலால் அழுத்தி, கைப்பிடியைப் பின்னுக்குச் சாய்த்தால் நகங்கள் ஒன்றுசேர்ந்து வேரைப் பற்றி மேலே இழுக்கின்றன. பிடியைத் தள்ளினால் செடி தானாக வாளியில் விழுகிறது. டாக்கின் ஆணிவேர் ஆழமானது என்பதால் ஒரு சாண் கூட இறங்காத நகங்களால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். ஆனால் சுருள் இலை, அகன்ற இலை டாக்குகளில் மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் வேரின் மேற்கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. கழுத்து முழுமையாக வந்துவிட்டால் கீழே தங்கும் வேர்த்துண்டு பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. என் தோட்டத்துச் சதுப்பு டாக்கிலும் அப்படியே கண்டேன். மழைக்கு மறுநாள், ஈரம் ஊறிய மண்ணில், இக்கருவி அந்த வேலையை மிகச் செம்மையாகச் செய்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கோடையில் நிலைமை வேறு. எங்கள் பகுதியின் எரிமலைப் பாறை வழிவந்த கனத்த களிமண் காய்ந்து இறுகிவிட்டால் நகங்கள் இறங்குவதே இல்லை. வலிந்து மிதித்தால் இலைக்கொத்து மட்டும் கையோடு வந்து கழுத்து உள்ளேயே நின்றுவிடுகிறது, இரண்டொரு வாரத்தில் அது மீண்டும் துளிர்க்கிறது. புதைந்த கல்லில் பட்டு ஒரு நகம் வளைந்தும் போனது. மாற்று நகம் தனியாக விற்கப்படுவதில்லை என்பது இந்த விலைக்குப் பெருங்குறை. கல் நிறைந்த நிலத்துக்கு நுனி பிளந்த பழைய கைக்கருவியே மேல். பல பருவம் கண்ட தடித்த செடிகளுக்கும் அதையோ கடப்பாரையையோதான் நாட வேண்டியிருக்கிறது.

எந்தக் கருவியானாலும் காய் முற்றுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். 1879இல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் பீல் புதைத்துவைத்த விதைகளில் சுருள் இலை டாக் 80 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்தது. காய்த்த தண்டுகளை முதலில் வெட்டிப் பையில் கட்டிவிட்டுப் பிறகு வேரைப் பிடுங்குகிறேன். அவற்றை வீட்டு உரக்குழியில் போடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சதுப்பு டாக் இந்நாட்டின் புல்வெளிகளில் தனக்கென இடமுள்ள செடி. காய்கறிப் பாத்தியிலும் குழந்தைகள் விளையாடும் புல்தரையிலும் அதை அகற்றுவதில் தவறில்லை. ஓடைக்கரையிலும் பாதுகாக்கப்பட்ட புல்வெளியிலும் இக்கருவியோடு யாரும் இறங்கக் கூடாது. வீட்டிலும் வேலியோரத்தில் ஒதுங்கி நிற்கும் சில செடிகளை நான் விட்டுவைத்து, காய்க்குமுன் தண்டை மட்டும் நறுக்குகிறேன். பிடுங்கிய இடங்களில் கருவி விட்டுச்செல்லும் வட்டக் குழிகளை வெறுமனே விடாமல் மண்ணிட்டு மூடி, இந்நாட்டுப் புல் வகையான வாலபி புல்லின் விதையைத் தூவிவருகிறேன்; ஒளி படும் வெற்று மண்ணில்தான் டாக் விதைகள் எளிதாக முளைக்கின்றன.