பிரசவமான இரண்டு மணி நேரத்தில் போடப்பட்ட ஊசி

ஏழாம் மாதத்தில் இடது காலில் ரத்தம் உறைந்து வீங்கியதால், என் தங்கை ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசியை 60 மி.கி. வீதம் காலையும் இரவும் வயிற்றுத் தோலில் போட்டு வந்தாள். இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரை போய்விடும். வலி கண்டதும் ஊசியை நிறுத்த வேண்டும் என்றும், பிரசவத்துக்குப் பின் தம்மைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்றும் எங்கள் மருத்துவர் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

வலி கண்ட அன்று அவர் ஊரில் இல்லை. அதே தனியார் மருத்துவமனையில் வேறொரு மருத்துவர் பார்த்தார். பிற்பகல் இரண்டு மணிக்குச் சுகப்பிரசவம் ஆனது. நான்கு மணிக்கு வந்த செவிலியர் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து ஊசியைப் போட்டார். டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன். "தினமும் போடுற ஊசிதானேம்மா" என்று சொல்லிவிட்டு, வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டார். அந்த வலி மருந்தும் ரத்தம் உறைவதைத் தளர்த்தும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆறரை மணிக்குள் மூன்று பேடுகள் முழுவதும் நனைந்து, விரிப்பைத் தாண்டி மெத்தையில் ரத்தம் ஊறியிருந்தது. நான் இரண்டு முறை போய்ச் சொல்லியும், முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றே பதில் வந்தது. அவளுடைய உதடு வெளுத்து, கை சில்லிட்ட பிறகே மருத்துவர் ஓடி வந்தார். கருப்பை நன்றாகச் சுருங்கித்தான் இருந்தது. கிழிந்து தையல் போட்ட இடத்திலிருந்துதான் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டிருந்தது. மறுதையல் போட்டு, ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் ஏற்றி, நான்கு யூனிட் ரத்தமும் கொடுத்து அவளைக் காப்பாற்றினார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த நான்கு மணி ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. அதைக் காட்டிய பிறகே நகல் கிடைத்தது. ஊசி போட்ட நேரம் அதில் இருக்கிறது.

ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுக்கும் கர்ப்பிணியுடன் இருப்பவர்கள், கடைசி ஊசி போட்ட நேரத்தை லேபர் வார்டில் வாயால் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுவதும் நனைந்தால், மருத்துவர் நேரில் வந்து பார்க்கும்வரை விடாதீர்கள். பயந்துபோய் நீங்களாகவே ஊசியை நிறுத்திவிடவும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகம். என் தங்கைக்கும் ரத்தப்போக்கு நின்ற பின், எங்கள் பழைய மருத்துவர் நேரம் குறித்துக் கொடுத்தபடி ஊசி தொடர்கிறது.