வங்கியின் சம்மதமா, புதுக் கடனா? ஹாரோ வீட்டை வாடகைக்கு விட்ட கணக்கு

2024 அக்டோபரில் அம்மா இடுப்பை முறித்துக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஒன்றரை வருடமாவது மதுரையில் இருந்தாக வேண்டும். லண்டன் ஹாரோவில் இருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைப் பூட்டிவைத்துவிட்டுத் தவணை கட்ட முடியாது. வாடகைக்கு விடுவதுதான் ஒரே வழி. ஆனால் குடியிருக்க வாங்கிய மார்ட்கேஜில் (வீட்டுக் கடனில்), வங்கியைக் கேட்காமல் வாடகைக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

வழி இரண்டு. பழைய கடனை அப்படியே வைத்துக்கொண்டு ‘கன்சென்ட் டு லெட்’, அதாவது வாடகைக்கு விட வங்கியின் சம்மதம், வாங்குவது ஒன்று. கடனையே ‘பை டு லெட்’டாக, அதாவது வாடகைக்கு விடும் வீட்டுக்கான கடனாக, மாற்றுவது இன்னொன்று. தெரிந்த அண்ணன் ஒருவர் மூன்றாவது வழியும் சொன்னார்: “பேசாம விட்டுட்டுப் போ தம்பி, பேங்க்காரன் வந்து கதவைத் தட்டவா போறான்?” தட்டமாட்டான்தான். ஆனால் நம் சமையலறைக் குழாய் உடைந்து, கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால், உள்ளே யார் இருந்தார்கள் என்பதுதான் இன்சூரன்ஸ்காரன் கேட்கும் முதல் கேள்வி. விஷயம் வங்கிக்குப் போனால் மொத்தக் கடனையும் கட்டச் சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

நான் எடுத்தது கன்சென்ட் டு லெட். காரணம் ஒன்றே ஒன்றுதான்: 2021இல் ஐந்து வருடத்துக்கு நிலைநிறுத்திய 1.7 சதவீத வட்டி. பாக்கி 2,40,000 பவுண்டு. சம்மதம் தர வங்கி அரை சதவீதம் கூட்டியது, மாதத்துக்கு 100 பவுண்டு. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ப்ரோக்கர் அனுப்பிய பை டு லெட் தாளைப் பார்த்தேன். வட்டி 5.2. அதாவது வட்டி மட்டுமே மாதம் 1,040 பவுண்டு. என் கடனிலோ அரை சதவீதத்தைச் சேர்த்தும் 440. ஒன்றரை வருடத்தில் வித்தியாசம் மட்டும் 10,800. பழைய கடனைப் பாதியில் அடைப்பதற்கு 2 சதவீத அபராதம், அது 4,800. இரண்டும் சேர்ந்து 15,600. புதுக் கடனுக்கான கட்டணங்கள் தனி. பை டு லெட் வீட்டில் நாமே குடியிருக்க முடியாது என்பதால், திரும்பி வந்ததும் மறுபடி கடன் மாற்றும் படலம் வேறு.

விண்ணப்பம் பெரிய வேலையில்லை. ஏன் போகிறீர்கள், எவ்வளவு காலம், வாடகை எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். 12 மாதத்துக்குத் தந்தார்கள், ஒருமுறை நீட்டித்தார்கள். ஃபிளாட் என்பதால் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரிடம் தனியாக அனுமதி வாங்கினேன், வாடகைக்கு விடுபவர்களுக்கான லேண்ட்லார்ட் இன்சூரன்ஸும் எடுத்தேன். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் ஏஜென்ட் வாடகையில் 20 சதவீதம் வரி பிடிப்பார். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கான என்ஆர்எல்1 படிவம் போட்டு வரித்துறையின் ஒப்புதல் வாங்கினால் பிடிக்கமாட்டார். கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ், வாடகைக்காரரின் டெபாசிட்டை 30 நாளுக்குள் அதற்கான பாதுகாப்புத் திட்டத்தில் பதிவது எல்லாம் எந்தக் கடனானாலும் உண்டு.

பை டு லெட்டோடு நான் வாழ்ந்து பார்த்ததில்லை, தாளில் பார்த்ததுதான். பல வருடம் வெளியே இருக்கப் போகிறவர்களுக்கு அதுதான் சரியாக இருக்கும்: ஒவ்வொரு வருடமும் வங்கியிடம் போய் நிற்க வேண்டாம், வட்டி மட்டும் கட்டினால் போதும். ஆனால் வாடகைக் கணக்கு இடிக்கும். 40 சதவீத வரி கட்டுபவரிடம் வட்டியைப்போல 1.45 மடங்கு (145 சதவீதம்) வாடகை வருமானம் கேட்பது வழக்கம். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டி, 5.5 சதவீத வட்டியில் போட்டுப் பார்த்தால் எனக்கு மாதம் 1,595 வேண்டும். கிடைத்த வாடகை 1,650. மயிரிழைதான்.

சம்மதம் வாங்குபவர்கள் இப்போது இன்னொன்றைப் பார்க்க வேண்டும். நான் 2026 பிப்ரவரியில் 2 மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஏப்ரலில் வீட்டுக்குள் வந்தேன். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. நாமே திரும்பிக் குடியிருக்க வேண்டுமென்றாலும் 4 மாத நோட்டீஸ் தர வேண்டும், குடிவந்த முதல் வருடத்துக்குள் வெளியேற்றவும் முடியாது. ஆகவே வங்கி தரும் 12 மாதம் முடிகிற தேதியையும், வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லக்கூடிய தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஏஜென்ட்டிடம் சாவியைக் கொடுங்கள். என் நிலைவட்டிக் காலம் 2026 செப்டம்பரோடு முடிகிறது. அம்மாவுக்காக மறுபடி போக வேண்டி வந்தால், இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும், 1.7 இனி கிடைக்காது.