டிமெப் 4: மட்டக்களப்பு வரைபடத்துக்கு எப்படி?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வறிக்கைகளுக்குத் தரவு வேலை செய்து கொடுக்கிறேன். "அண்ணா, இந்த எக்செல்லை வரைபடமாக்கித் தாங்க" என்று வருபவர்களுக்கு இப்போதெல்லாம் ஆர் என்ற புள்ளிவிவர மென்பொருளையும், அதில் வரைபடம் வரைய உதவும் டிமெப் தொகுப்பையுமே பழக்கிவிடுகிறேன். இரண்டுமே இலவசம். டிமெப்பைத் தொடங்கி எழுதியவர் நெதர்லாந்தின் மார்டைன் டென்னெகெஸ்.

பிரிவுகளின் எல்லைகள் உள்ள கோப்பை, ஆரின் இன்னொரு தொகுப்பான எஸ்எஃப்பால் வாசித்து, உங்கள் தரவு அட்டவணையை அதோடு இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இணைக்கும்போது பெயரை நம்பவேண்டாம். ஒன்றில் கோறளைப்பற்று என்ற பிரிவின் பெயர் ஒரே சொல்லாக இருக்கும், மற்றதில் இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்த ஓர் இடைவெளிக்காகவே பிரிவு வெறுமையாகிவிடும். பிரிவு இலக்கத்தை வைத்தே இணையுங்கள்.

டிமெப்பின் உண்மையான பெறுமதி வகுப்பாயிடைகளில், அதாவது எதிலிருந்து எதுவரை ஒரே நிறம் என்று பிரிப்பதில்தான் தெரியும். மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளுக்குச் சனத்தொகை அடர்த்தியை வரைந்து பாருங்கள். எதையும் மாற்றாமல் விட்டால் அது சம அளவான ஆயிடைகளையே எடுக்கும். காத்தான்குடி, ஏறாவூர் நகர் போன்ற சின்ன, நெருக்கமான பிரிவுகள் மட்டும் கடும் நிறத்தில் நிற்கும். மீதி மாவட்டம் வெளிறிப்போகும். சனம் ஐதான வாகரைக்கும் மட்டக்களப்பு நகரை அடக்கிய மண்முனை வடக்குக்கும் வித்தியாசமே தெரியாது. இந்தப் படத்தைப் பார்த்து யாராவது திட்டம் போட்டால் என்னாகும்? ஒரு சொல்லை மாற்றி 'குவான்டைல்' என்று கொடுங்கள்: ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையான பிரிவுகள் வரும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையும் கிழக்கே உள்ள எழுவான்கரையும் பிரிந்து தெரியும். 'ஜெங்ஸ்' கொடுத்தால் கிட்டக்கிட்ட இருக்கும் பெறுமானங்கள் ஒன்றாகச் சேரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மாணவர்களைத் தெரிவு செய்யச் சொல்கிறேன். ஆளெண்ணிக்கையை அப்படியே காட்டவேண்டுமா? அப்போது நிறம் வேண்டாம், எண்ணிக்கைக்கேற்ற அளவில் வட்டங்களைப் போடுங்கள். இல்லாவிட்டால் பரப்பில் பெரிய வாகரை கண்ணை இழுத்துக்கொள்ளும்.

நம்மூருக்கே உரிய இன்னொரு விஷயம் மட்டக்களப்பு வாவி. சில எல்லைக் கோப்புகளில் அது தனியாக வெட்டப்பட்டிருக்காது. தண்ணீரிலும் சனம் இருப்பதுபோல நிறம் பூசிவிடும். நீர்நிலைப் படையொன்றை மேலே போடுங்கள், அடர்த்தியையும் நிலப்பரப்பால் மட்டும் பிரித்துக் கணியுங்கள்.

குறைகளும் உண்டு. 2025 இல் வந்த 4ஆம் பதிப்பில் கட்டளை எழுதும் முறை நிறைய மாறிவிட்டது. பழைய கட்டளைகள் பெரும்பாலும் ஓடும், ஆனால் திரை நிறைய அறிவித்தல் வரும். இணையப் பாடங்களில் பலதும் இன்னும் பழைய முறையில்தான் இருக்கின்றன. புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய அலைச்சல், அதனால் பாடத்தின் திகதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ்ப் பெயர்களைப் போடலாமா? போடலாம். ஆரின் வழக்கமான பிடிஎஃப் வழியில் சேமித்தால் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகள் வரும். ஆரின் ராக் என்ற தொகுப்பின் மூலம் பிஎன்ஜி படமாகச் சேமித்தால், தமிழ் எழுத்துரு கணினியில் இருக்கும்வரை, கோறளைப்பற்றின் 'கோ' கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.

ஒரே ஒரு படம்தான் வேண்டுமென்றால் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், மவுஸாலேயே முடித்துவிடலாம். தரவு மாறமாற அதே படத்தைத் திரும்ப வரைய வேண்டியவர்கள், கிராம சேவகர் பிரிவு வரை இறங்கி வேலை செய்பவர்கள், டிமெப்பைப் பழகுங்கள்.