உரித்த பட்டாணியா, உறைந்த பட்டாணியா?

மதுரை வெயிலில் மத்தியானம் அடுப்படியில் நிற்க முடியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் குளிர்ந்த பட்டாணி சாலட்தான்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொடைக்கானல் பட்டாணி வரும்போது, நகம் பட்டதும் ‘டப்’பென்று பிளக்கும் காயாகப் பார்த்து வாங்கினால் அந்த இனிப்புக்கு ஈடில்லை. ஆனால் பறித்ததிலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். இரண்டு நாள் மூட்டையில் கிடந்த காய் சப்பென்றிருக்கும். ஒரு கிலோ உரித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும். அதில் பிள்ளைகள் வாய்க்குப் போவது தனிக் கணக்கு.

உறைந்த பட்டாணியைப் பறித்த சூட்டோடு வெந்நீரில் முக்கியெடுத்து உறைய வைக்கிறார்கள். அதனால் நிறமும் இனிப்பும் நிற்கும். கொதிநீரில் 2 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டினால் போதும். புதிதாக உரித்த பட்டாணிக்கு 4 நிமிடமாவது வேண்டும்.

ஒரே தொல்லை, ஈரம். ஒருமுறை அவசரத்தில் துணியில் ஒற்றாமல் தயிரில் கலந்துவிட்டேன், சாலட் மோராகிவிட்டது. அப்புறம் தயிரையும் துணியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் சேர்க்கிறேன். கூடவே சின்ன வெங்காயம், வெள்ளரி, புதினா, மிளகுத்தூள். உப்பும் எலுமிச்சையும் சாப்பிடும்போதுதான். முன்பே பிழிந்தால் பச்சை மங்கிவிடும்.

தை மாதம் என்றால் நான் காயாகவே வாங்கி உரிப்பேன். சித்திரையில் யோசிக்காமல் உறைந்த பாக்கெட்தான். காய்ந்த பட்டாணியா? அது சுண்டலுக்கு.