காலில் புண் ஆற: தசைத் தளர்வா, யோக நித்திரையா, மூச்சா?

இடது கால் கட்டைவிரலுக்குக் கீழே புது ஷூ கடித்திருந்தது. வலிக்கவே இல்லை, அதுதான் சிக்கல். சர்க்கரை வந்து பதினாறு வருஷம், பாதத்தில் உணர்ச்சி பாதிக்கு மேல் போய்விட்டது. சாக்ஸில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் புண் என்றே தெரிந்தது. மூடுவதற்கு 14 வாரம் ஆனது. சர்க்கரைக் கட்டுப்பாடு, காலில் பாரம் போடாமல் இருப்பது, தினசரி டிரெஸ்ஸிங், டாக்டர் சொன்ன மருந்து, இவற்றுக்கு மாற்று எதுவும் கிடையாது. இவற்றோடு சேர்த்து மனப் பதற்றத்தைத் தணிக்க நான் செய்து பார்த்த மூன்றைப் பற்றித்தான் இந்த அலசல்.

பதற்றத்துக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டவன்தான். பதற்றத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறும். அட்ரினலின் கூடினால் கை கால் நுனிகளில் உள்ள சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே ரத்தம் சரியாகப் போகாத பாதத்துக்கு இன்னும் குறையும். 1995-இல் அமெரிக்காவில், மறதிநோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களின் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அந்தச் சுமை இல்லாதவர்களைவிட ஆற ஏறக்குறைய 9 நாள் அதிகம் பிடித்தது. காலில் நாள்பட்ட ஆறாத புண் உள்ளவர்களையே வைத்து 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. உடல் மாற்றங்களைக் கருவியில் பார்த்துக்கொண்டே தளர்வு பழகிய 16 பேரில் 14 பேருக்குப் புண் ஆறியது. பழகாத 16 பேரில் 7 பேருக்குத்தான். மொத்தமே 32 பேர், சின்ன ஆய்வு. ஆனாலும் எனக்கு நம்பிக்கை கொடுத்தது அதுதான்.

ஒரு எச்சரிக்கை: காலுக்கு ரத்தம் வரட்டும் என்று சுடுதண்ணீரில் பாதத்தை விடாதீர்கள். உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோனாலும் தெரியாது.

முதலில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் நூறு வருஷத்துக்கு முன் வகுத்த தசைத் தளர்வு. ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு விட வேண்டும். தோள், கழுத்து, தாடைக்கு அருமை. காலுக்கு வந்ததும் தகராறு. விரல்களை மடக்கினால் புண்ணின் ஓரம் இழுபடுகிறது, கெண்டைக்கால் குரக்களி பிடிக்கிறது. காலை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம். நான் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்தது யோக நித்திரை. படுத்தபடி, ஒரு குரல் சொல்லச் சொல்ல உடலைத் தளர்த்துவது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் படுத்தால் காலுக்கும் நல்ல ஓய்வு. ஆனால் போனில் வரும் அந்தக் குரல் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்து, “இடது கால் கட்டைவிரலை உணருங்கள்” என்கிறது. என்னத்தை உணர? அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில்தான் தினமும் பதற்றம் ஏறியது. போதாக்குறைக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் வேறு. அதைத் தாண்டினால் குறட்டை. தூக்கம் வராதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன். செய்த நாளுக்கு ஒரு டிக் என்று காலண்டரில் போட்டுவந்தேன். எனக்கு 21 நாளில் விழுந்தது 9 டிக் மட்டும்.

மூன்றாவது, வெறும் மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. வேறு வித்தை இல்லை.

இதில் நான் நிலைத்ததற்குக் காரணம், இதற்கென்று தனி நேரம் ஒதுக்கவில்லை என்பதுதான். புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்போது, எந்தப் பயிற்சி உசத்தி என்பதைவிட எது மூன்றாவது மாதமும் நடக்கும் என்பதுதான் கேள்வி. டிரெஸ்ஸிங் தினமும் நடந்தே தீரும், அதன் மேலேயே மூச்சை ஏற்றிவிட்டேன். காலை ஏழரைக்கு மனைவி சலைனில் பழைய காஸ் துணியை நனைப்பாள். ஒட்டிக்கொண்டது ஊறி வரும்வரை காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் “இன்றைக்கு என்ன நிறத்தில் இருக்குமோ” என்று நெஞ்சு படபடக்கும். “என்னங்க, காலை ஆட்டாதீங்க” என்பாள். மூச்சை எண்ண ஆரம்பித்தபின் கால் ஆடவில்லை. கட்டுப் போட்டு முடிக்கப் பத்து நிமிஷம், அறுபது மூச்சு. ஒன்பது வாரத்தில் தவறியது இரண்டே நாள்.

மூச்சை அடக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி பக்கம் மட்டும் போகவில்லை. சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்தவர்கள் மூச்சை அடக்கி முக்கக் கூடாது. ரத்தக்கசிவு வரலாம். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொன்று: வியர்வையும் படபடப்பும் வந்தால் பதற்றம் என்று நினைத்து மூச்சு எண்ண உட்காராதீர்கள். முதலில் விரலைக் குத்திப் பாருங்கள், தாழ்சர்க்கரையாக இருக்கலாம்.

மூச்சால்தான் புண் ஆறியது என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயத்தில்தான் எனக்கும் இன்சுலின் ஆரம்பித்தார்கள், வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு மாறினேன். என் கணக்கு ஒரே ஒரு காலின் கணக்கு.

புண் மூடியது, டிரெஸ்ஸிங் நின்றது, அதோடு மூச்சும் நின்றுபோனது. பயிற்சியைச் சொல்கிறேன்! இப்போது ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கும் நேரத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறேன். இந்த வாரம் நாலு டிக்.